எக்ஸ்ரே நார்மல்தான்... ஆனால் வலி போகலையே!

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல தம்பி, நார்மல்தான். பைக் ஓட்டுறதைக் கொஞ்சம் குறைங்க." இருபது, முப்பது வயதில் முதுகுவலியோடு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. பெரும்பாலானவர்களுக்கு அது சரியான பதிலும்கூட. முதுகுவலியில் பெரும்பகுதி தசைப்பிடிப்பாலும், உட்காரும் முறையாலும், பாரம் தூக்குவதாலும் வருவது. சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அதற்கு ஸ்கேன் எல்லாம் தேவையே இல்லை.

ஆனால் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும் ஒரு முதுகுவலியும் இருக்கிறது. படுத்து ஓய்வெடுத்தால் கூடும். எழுந்து நடந்தால், வேலை பார்த்தால் குறையும். விடியற்காலையில் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். எழுந்ததும் குனிந்து செருப்பு மாட்ட முடியாது. அரை மணி, ஒரு மணி நேரம் போன பிறகுதான் முதுகு வழிக்கு வரும். இன்றைக்கு வலது பக்கப் பிட்டத்தில் இருந்த வலி, அடுத்த வாரம் இடது பக்கத்துக்கு மாறியிருக்கும். 45 வயதுக்கு முன்பே தொடங்கிய வலி மூன்று மாதத்துக்கு மேல் இப்படியே போகிறது என்றால், இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

இதற்கு மருத்துவத்தில் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று பெயர். சுருக்கமாக ஏ.எஸ். நோய் எதிர்ப்பு அமைப்பு தவறாக வேலை செய்து, முதுகுத்தண்டிலும் இடுப்பு மூட்டுகளிலும் அழற்சியை உண்டாக்குகிற ஒருவகை மூட்டுவாதம். கழுத்துவலிக்குப் பட்டை போட்டுக்கொண்டு "எனக்கு ஸ்பாண்டிலைட்டிஸ்" என்று சொல்கிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அவர்களில் அநேகம் பேருக்கு இருப்பது ஸ்பாண்டிலோசிஸ், அதாவது வயதால் வரும் தேய்மானம். ஒரு எழுத்து, இரண்டு எழுத்து வித்தியாசம்தான். ஆனால் நோய் வேறு, வரும் வயது வேறு, சிகிச்சையும் வேறு.

ஏ.எஸ். நோயைக் கண்டுபிடிக்கப் பலருக்கு வருடக்கணக்கில் ஆகிவிடுகிறது. அதற்கு ஒரு முக்கியக் காரணம், எந்தப் படம் எதைக் காட்டும் என்பதில் இருக்கும் குழப்பம். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதுகு வலிக்குது, இடுப்பை ஏன் படம் எடுக்கிறார்கள்?

முதுகின் அடியில், பெல்ட் கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இருபுறமும் இரண்டு சிறு குழிகள் சிலருக்குத் தெரியும். அதற்கு அடியில்தான் முதுகுத்தண்டின் கடைசிப் பகுதியும் இடுப்பு எலும்பும் சேரும் மூட்டு இருக்கிறது. சேக்ரோஇலியாக் மூட்டு என்பார்கள். மருத்துவமனைப் பேச்சில் எஸ்.ஐ. ஜாயின்ட். பக்கத்துக்கு ஒன்றாக மொத்தம் இரண்டு. ஏ.எஸ். பெரும்பாலும் முதலில் கைவைப்பது இங்கேதான். முதுகெலும்புக்கு ஏறுவது பிறகு.

அதனால்தான் "எனக்கு வலி முதுகில், இவர்கள் இடுப்பை எடுக்கிறார்களே" என்று குழம்ப வேண்டாம் என்கிறோம். இடுப்பு முழுவதையும் முன்பக்கமாக எடுக்கும் ஒரே எக்ஸ்ரேயில் இரண்டு எஸ்.ஐ. மூட்டுகளும் தெரியும், தொடை சேரும் இடுப்பு மூட்டுகளும் தெரியும். இந்த நோய் தொடை மூட்டையும் பாதிக்கக்கூடியது என்பதால் அது கூடுதல் லாபம்.

எக்ஸ்ரே எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது?

வீட்டுச் சுவரில் நீர்க்கசிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உள்ளே ஈரம் ஊறும். வெளியே ஒன்றும் தெரியாது. மாதங்கள், வருடங்கள் கழித்துத்தான் காரை பெயர்ந்து விழும். எக்ஸ்ரே காட்டுவது பெயர்ந்து விழுந்த காரையை. உள்ளே ஊறும் ஈரம் அதற்குத் தெரியாது.

எலும்பின் ஓரம் அரித்திருப்பது, மூட்டைச் சுற்றி எலும்பு வெளுத்துத் தடித்திருப்பது, மூட்டு இடைவெளி மாறியிருப்பது, கடைசியில் இரண்டு எலும்பும் ஒட்டி ஒன்றாகிவிடுவது, இதெல்லாம் எக்ஸ்ரேயில் தெரியும். இவற்றை 0 முதல் 4 வரை கிரேடு போடுவார்கள். 0 என்றால் நார்மல், 1 சந்தேகம், 2 லேசான மாற்றம், 3 தெளிவான பாதிப்பு, 4 முழுதாக ஒட்டிவிட்டது. 1984-இல் வகுக்கப்பட்ட நியூயார்க் அளவுகோல்படி, இரண்டு பக்கமும் கிரேடு 2-ஆவது இருக்க வேண்டும், அல்லது ஒரு பக்கமாவது 3 அல்லது 4 இருக்க வேண்டும். அப்போதுதான் எக்ஸ்ரேயில் ஏ.எஸ். உறுதி. கிரேடு 1-ஆ 2-ஆ என்பதில் அனுபவமுள்ள மருத்துவர்களே ஒரே படத்தைப் பார்த்து வேறு வேறு பதில் சொல்வது உண்டு. படத்தைப் படிப்பது அவ்வளவு நுணுக்கமான வேலை.

இதில் சிக்கல் என்னவென்றால், எக்ஸ்ரேயில் தெரியும் அளவுக்கு மாற்றம் வர வருடங்கள் பிடிக்கலாம். சிலருக்கு வராமலேயே போகலாம். பெண்களுக்கு எலும்பு மாற்றங்கள் பொதுவாக மெதுவாக வருவதால், அவர்களுக்கு நோய் இன்னும் தாமதமாகவே பிடிபடுகிறது. ஆக, ஆரம்பக் கட்டத்தில் "எக்ஸ்ரே நார்மல்" என்பதற்கு "நோய் இல்லை" என்று பொருள் இல்லை. "இன்னும் எலும்பில் சேதம் தெரியவில்லை" என்பது மட்டுமே பொருள். உண்மையில் அது நல்ல செய்தி. அழற்சியை மருந்தாலும் உடற்பயிற்சியாலும் கட்டுப்படுத்தலாம். ஒட்டிப்போன எலும்பைப் பிரிக்க மருந்து கிடையாது.

நோய் முற்றியவர்களின் முதுகெலும்பு எக்ஸ்ரே வேறு மாதிரி இருக்கும். முள்ளெலும்புகளின் ஓரங்களிலிருந்து மெல்லிய எலும்புப் பாலங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று இணைந்துவிடும். படத்தில் பார்த்தால் கணுக்கணுவாக மூங்கில் கழி நிற்பது போலவே இருக்கும். மருத்துவர்களும் அதை 'மூங்கில் முதுகு' என்ற பொருளில் பேம்பூ ஸ்பைன் என்றுதான் சொல்கிறார்கள்.

ஈரத்தைக் காட்டுவது எம்.ஆர்.ஐ.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர்கள் கிடையாது. காந்தப்புலமும் ரேடியோ அலைகளும்தான். எலும்பின் உள்ளே இருக்கும் மஜ்ஜையில் நீர் சேர்ந்திருப்பதை அது காட்டும். அழற்சி நடக்கும் இடத்தில் இப்படி நீர் சேரும். சுவர் உதாரணத்தில் சொன்ன ஈரம் இதுதான்.

ஆனால் எம்.ஆர்.ஐ. என்றால் ஒரே ஒரு படம் இல்லை. ஒரே இடத்தைப் பலவிதமாக எடுப்பார்கள். மஜ்ஜையில் இயல்பாகவே கொழுப்பு உண்டு. சாதாரணப் படத்தில் அது பளிச்சென்று தெரிவதால் நீரின் வெளுப்பு அதில் கரைந்துவிடும். அதனால் கொழுப்பின் ஒளியை மட்டும் அணைத்துவிட்டு எடுக்கும் ஒரு வகைப் படம் இருக்கிறது. அதற்கு ஸ்டிர் என்று பெயர். அதில் நல்ல எலும்பு கறுப்பாகவும், அழற்சி உள்ள இடம் வெள்ளையாகவும் தெரியும். டி1 என்ற இன்னொரு வகைப் படம் பழைய அரிப்பையும், அழற்சி ஆறிய இடத்தில் படிந்த கொழுப்பையும் காட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழுக் கதை கிடைக்கும். இந்தக் கேள்விக்கு ஊசி மூலம் கான்ட்ராஸ்ட் மருந்து போடுவது பொதுவாகத் தேவைப்படாது.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியம். 'முதுகு எம்.ஆர்.ஐ.' என்று எடுத்தால் பெரும்பாலும் இடுப்புக்கு மேலே உள்ள லம்பார் பகுதியைத்தான் எடுப்பார்கள். எஸ்.ஐ. மூட்டு அதில் சரியாக விழாது. அந்தப் படத்தில் கண்ணில் படுவது என்ன? "டிஸ்க் பல்ஜ்." வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பல்ஜ் இருக்கத்தான் செய்யும். ஆனால் ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் "டிஸ்க் பிராப்ளம், அதான் வலி" என்று கதை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பெல்ட், டிராக்‌ஷன், ஓய்வு என்று வருடங்கள் ஓடும். ஏ.எஸ். உள்ளவருக்கு ஓய்வுதான் எதிரி.

ஆகவே, மேலே சொன்ன மாதிரி வலி இருந்தால், மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், எனக்குக் காலையில்தான் வலி அதிகம், நடந்தால் குறையுது. எஸ்.ஐ. ஜாயின்ட் பார்க்கணுமா?" நீங்களே ஒரு ஸ்கேன் சென்டரில் போய்ப் பணம் கட்டி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்கேனுக்கு எழுதித் தரும் சீட்டில் 'எஸ்.ஐ. மூட்டுகள், ஸ்டிர் படத்தோடு' என்பதும், என்ன சந்தேகத்தில் எடுக்கிறோம் என்பதும் இருந்தால்தான், படம் எடுப்பவர் சரியான கோணத்தில் எடுப்பார், ரிப்போர்ட் எழுதுபவர் சரியான இடத்தைத் தேடுவார்.

வெள்ளைப் புள்ளி எல்லாம் நோய் இல்லை

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ரிப்போர்ட்டில் 'போன் மேரோ எடிமா' என்று எழுதியிருந்தால் உடனே கூகுளில் தேடிப் பயந்துவிடாதீர்கள். நீண்ட தூரம் ஓடுகிறவர்கள், கடுமையாக விளையாடுகிறவர்களின் எஸ்.ஐ. மூட்டிலும் சிறு வெள்ளைப் புள்ளிகள் தெரிவது உண்டு. பிரசவமான பெண்களுக்குச் சில மாதங்கள் வரை தெரியலாம். பிரசவத்துக்குப் பின் இடுப்பு எலும்பின் ஒரு பகுதி எக்ஸ்ரேயில் வெளுத்துத் தெரிவதும் உண்டு, அது ஏ.எஸ். அல்ல. குழந்தை பிறந்து எத்தனை மாதம் ஆகிறது என்பதை ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கட்டாயம் சொல்லுங்கள்.

அதனால்தான் 2009-இல் வெளியான சர்வதேச அளவுகோல், ஒரே ஒரு துண்டுப் படத்தில் ஒரே ஒரு புள்ளி இருந்தால் போதாது என்கிறது. ஒரே துண்டில் இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும், அல்லது ஒரே இடம் அடுத்தடுத்த இரண்டு துண்டுகளில் தெரிய வேண்டும். அதோடு வலியின் தன்மை, ரத்தத்தில் எச்.எல்.ஏ.-பி27, குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா, கண் சிவந்து வலித்த வரலாறு, சோரியாசிஸ், குடல் அழற்சி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருவார். எச்.எல்.ஏ.-பி27 பாசிட்டிவ் என்பதாலேயே நோய் என்று ஆகாது; பாசிட்டிவ் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுவதும் ஏ.எஸ். வருவதே இல்லை.

நம் நாட்டில் மறக்கக்கூடாத ஒன்று காசநோய். அது நுரையீரலில் மட்டும் வருவதில்லை, முதுகெலும்பிலும் எஸ்.ஐ. மூட்டிலும் வரும். ஒரே பக்கம் மட்டும் பாதிப்பு, சுற்றியுள்ள தசையிலும் நீர் அல்லது சீழ், கூடவே காய்ச்சல், எடை குறைவு என்றால் மருத்துவர்கள் முதலில் தொற்றைத்தான் சந்தேகிப்பார்கள். அப்போது கான்ட்ராஸ்ட் ஊசி போட்டும் எடுக்கலாம். ஏ.எஸ். நோய்க்கு பயாலஜிக் எனப்படும் ஊசி மருந்துகளைத் தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கேட்பது இதனால்தான். உடலில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோயை அந்த மருந்து எழுப்பிவிடக்கூடும். "முதுகுக்கு வந்தா நெஞ்சை எதுக்கு எடுக்குறாங்க" என்று சலித்துக்கொண்டு தவிர்த்துவிடாதீர்கள்.

ஸ்கேனுக்குப் போகிற அன்றைக்கு

படம் எடுக்கும் இடம் இடுப்பு என்பதால், அரைஞாண் கொடியைக் கழற்ற வேண்டியிருக்கும். இடுப்பில் கட்டிய தாயத்தையும்தான். கழுத்துச் சங்கிலி, மெட்டி, ஹேர்பின், காது கேட்கும் கருவி எதுவும் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகக்கூடாது. தாலிச் சங்கிலியைக் கழற்றுவதில் சங்கடம் உள்ளவர்கள் முதல்நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு வருவது நம் ஊர் வழக்கம். செல்போனும் ஏ.டி.எம். கார்டும் கூட வந்தவரிடம் இருக்கட்டும்.

பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, எலும்பில் வைத்த பிளேட், எது இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள். வெல்டிங், லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். காந்தம் அதை நகர்த்தினால் கண்ணுக்கு ஆபத்து. கர்ப்பமாக இருக்கலாம் என்று தோன்றினால் எக்ஸ்ரே, சி.டி. என எதற்குப் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள்.

உள்ளே ஏறக்குறைய 20 முதல் 40 நிமிடம் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். டமடமவென்று சத்தம் கேட்கும். காதில் வைக்கப் பஞ்சோ ஹெட்போனோ தருவார்கள். முதுகு இறுகியவர்களுக்கு மல்லாந்து படுப்பதே சிரமம். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை கேளுங்கள், கொடுப்பார்கள். வலி மாத்திரையை ஸ்கேனுக்காக நீங்களாக நிறுத்த வேண்டாம். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

எங்கே போவது?

முதல் படி, பக்கத்து அரசு மருத்துவமனை ஓ.பி. அங்கிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பரிந்துரைப்பார்கள். இந்த நோயைப் பார்க்கும் சிறப்புப் பிரிவுக்கு ருமட்டாலஜி என்று பெயர். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனித்துறையே இயங்குகிறது. அந்தப் பிரிவு இல்லாத இடத்தில் பொது மருத்துவம் அல்லது எலும்பு மருத்துவப் பிரிவில் தொடங்கலாம். அரசு மருத்துவமனைகளில் உள்ள சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது. எங்கே வசதி இருக்கிறது என்று தெரியாவிட்டால் 104-க்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். சேர, ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். உங்களுக்கு எழுதிய ஸ்கேன் திட்டத்தில் வருமா, உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் வருமா என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட உதவி மையத்தில், பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கட்டிய பிறகு கேட்டால் பயன் இருக்காது.

ஸ்கேன் முடிந்ததும் ரிப்போர்ட் காகிதம் மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். ஃபிலிம் வேண்டும், முடிந்தால் சி.டி. தட்டும் வேண்டும். ருமட்டாலஜி மருத்துவர் பார்க்க விரும்புவது படத்தை. பழைய எக்ஸ்ரேயையும் பத்திரமாக வையுங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய படத்தை இன்றைய படத்தோடு ஒப்பிட்டால்தான் நோய் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரியும். ஃபிலிமைச் சுருட்டாமல், மடிக்காமல், வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும். செல்போனில் படம் எடுப்பதானால் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், தெளிவு குறையாது. இதெல்லாம் அவசரத்துக்குத்தான், ஓ.பி.க்குப் போகும்போது அசல் ஃபிலிம் கையில் இருக்கட்டும்.

ஏற்கெனவே ஏ.எஸ். உள்ளவர் கீழே விழுந்தால்

மூங்கிலாக ஒட்டிப்போன முதுகெலும்பு வளையாது. அதனால் சுலபமாக உடையும். குளியலறையில் வழுக்கி விழுவது, நாற்காலியிலிருந்து சரிவது போன்ற சாதாரண விஷயமே போதும். அதிகம் உடைவது கழுத்தின் கீழ்ப்பகுதி. சாதாரண எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போகலாம், தோள்பட்டை மறைத்துவிடும். எனவே விழுந்த பிறகு புதிதாக வலி வந்தால், எக்ஸ்ரே நார்மல் என்றாலும் அதோடு விட்டுவிடாமல் சி.டி. ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். கை, கால் மரத்துப்போனாலோ பலம் குறைந்தாலோ எம்.ஆர்.ஐ.யும் தேவைப்படும். ஒரு இடத்தில் உடைந்திருந்தால் இன்னொரு இடத்திலும் உடைந்திருக்கலாம் என்பதால் முதுகுத்தண்டு முழுவதையும் பார்ப்பார்கள்.

108-க்கு அழைக்கும்போதே "இவருக்கு முதுகெலும்பு ஒட்டிய நோய் இருக்கு, கழுத்து முன்னாடி வளைஞ்சுதான் இருக்கும்" என்று சொல்லிவிடுங்கள். பல வருடமாகக் கூன் விழுந்து நிற்கும் கழுத்தை, நேராகப் படுக்க வைக்கிறோம் என்று யாரும் அழுத்தி நிமிர்த்திவிடக்கூடாது. தண்டுவடம் நசுங்கும் ஆபத்து அதில்தான் இருக்கிறது. தலை எந்த நிலையில் வழக்கமாக இருக்குமோ அதே நிலையில், அடியில் தலையணைகளை அடுக்கித் தாங்கிப் பிடித்துத் தூக்க வேண்டும். பழைய எக்ஸ்ரே வீட்டில் இருந்தால் அதையும் வண்டியிலேயே எடுத்துப்போங்கள்.